குழந்தையின் கட்டிலுக்குப் பக்கத் தடுப்பு: எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது?

கயல் கேட்கிறார்:

வணக்கம். எங்கள் மூத்த மகளுக்கு இரண்டரை வயது ஆகிறது. இதுவரை நான்கு பக்கமும் கம்பி அடைத்த தொட்டில் கட்டிலில்தான் படுத்து வந்தாள். இப்போது கம்பியின் மேல் காலைத் தூக்கிப் போட்டு வெளியே இறங்கப் பார்க்கிறாள். உயரமும் 90 செ.மீ. அளவைத் தாண்டிவிட்டது. எனவே அவளைச் சாதாரண ஒற்றைக் கட்டிலுக்கு மாற்றுவது என்று முடிவு செய்திருக்கிறோம். தலைமாட்டில் படுக்க வைத்தால் விடியும்போது கால்மாட்டில் கிடக்கும் பெண் என்பதால், தடுப்பு எதுவும் இல்லாமல் விட மனம் வரவில்லை.

கட்டில் மரத்தால் ஆனது. மெத்தை சட்டத்தின் மேல் படியாமல், நான்கு பக்கச் சட்டங்களுக்கும் உள்ளே இறங்கி உட்காரும் அமைப்பு. மெத்தை முழுவதும் நுரை, 15 செ.மீ. தடிமன் உள்ளது; ஒரு கையால் தூக்கிவிடக்கூடிய அளவுக்கு இலேசானது. கட்டிலின் ஒரு நீளப் பக்கம் சுவரை ஒட்டி இருக்கிறது.

விற்பனைக்கு இருப்பவற்றில் மூன்று வகைகளைப் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று, மெத்தைக்கு அடியில் இரண்டு இரும்புக் கைகளைச் செருகி நிறுத்தும், வலை போர்த்திய மடக்குத் தடுப்பு. இரண்டாவது, கட்டிலின் மூலைகளில் தூண்களை நிறுத்தி, வேண்டும்போது மேலே ஏற்றி இறக்கும் உயரமான தடுப்பு. மூன்று பக்கமும் சுற்றி அடைத்துவிடலாம் என்கிறார்கள். மூன்றாவது, விரிப்புக்கு அடியில் வைக்கும் நீளமான நுரைத் திண்டு. உயரம் அதிகமாக இருப்பதே பாதுகாப்பு என்று எண்ணி இரண்டாவதை வாங்கலாம் என்று என் கணவர் சொல்கிறார். அப்படி வாங்கினால் எங்களுடன் பெரிய கட்டிலில் படுக்கும் எட்டு மாதக் குழந்தைக்கும் அதையே பயன்படுத்தலாம் என்பது அவருடைய கணக்கு. இதற்கிடையில் என் மாமியார், மாமா நோயுற்றுப் படுத்திருந்தபோது வாங்கிய எஃகுக் கைப்பிடித் தடுப்பு பரணில் சும்மாதானே கிடக்கிறது, அதையே மாட்டினால் என்ன என்று கேட்கிறார். எதை வைத்து முடிவு செய்வது என்று அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

இரவுப்பணி எழுதுகிறார்:

கயல் அவர்களுக்கு வணக்கம். நான் குழந்தைகள் பிரிவில் செவிலியராகப் பணிபுரிகிறேன். நீங்கள் மூத்தவளைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் உங்கள் கேள்வியின் நடுவே போகிற போக்கில் வரும் எட்டு மாதக் குழந்தையைப் பற்றித்தான் நான் முதலில் எழுத வேண்டும். அந்தக் குழந்தைக்கு எந்த வகைத் தடுப்பையும் பயன்படுத்த வேண்டாம். விலை உயர்ந்ததாக இருந்தாலும், எவ்வளவு உயரமாக இருந்தாலும் வேண்டாம்.

தடுப்பின் வேலை குழந்தை விழாமல் பார்த்துக்கொள்வது என்று நாம் நினைக்கிறோம். ஆனால் இந்தப் பொருளால் உயிரிழப்பு நேர்ந்தபோதெல்லாம் முதன்மையான காரணமாக இருந்தது, தடுப்புக்கும் மெத்தைக்கும் இடையே உண்டாகும் சந்துதான். குழந்தை புரண்டு தடுப்பின் மேல் சாய்கிறது. அந்த அழுத்தத்தில் தடுப்பு சிறிது வெளியே நகர்கிறது. மெத்தையின் ஓரம் அமுங்குகிறது. உண்டான பிளவில் முதலில் கால்களும் இடுப்பும் இறங்குகின்றன. உடல் நுழைந்த இடத்தில் தலை நுழைவதில்லை. கழுத்தோ மார்போ இறுகிய நிலையில் தொங்கும் கைக்குழந்தைக்குத் தன்னைத் தூக்கிக்கொள்ளும் வலிமை இல்லை. மூச்சு அடைபடுவதால் அழுகுரலும் எழாது. பக்கத்திலேயே படுத்திருப்பவர்கள்கூட விழிக்காமல் போவதற்குக் காரணம் இதுதான். முகம் வலைக்கும் மெத்தைக்கும் நடுவே புதைந்து போவது மற்றொரு ஆபத்து.

இதனால்தான் அமெரிக்காவில் 2012-இல் கட்டாயமாக்கப்பட்ட விதி, மாட்டிக் கழற்றும் கட்டில் தடுப்பை இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு ஒருபோதும் பயன்படுத்தக் கூடாது என்ற எச்சரிக்கையைப் பொருளின் மேலேயே அச்சிடச் சொல்கிறது. அங்கே இந்தப் பொருள் இரண்டு முதல் ஐந்து வயது வரையிலான, பெரியவர்களின் கட்டிலில் பிறர் உதவியின்றித் தானே ஏறி இறங்கத் தெரிந்த குழந்தைகளுக்கு உரியது. பிரிட்டனின் பிஎஸ் 7972 என்ற தரநிர்ணயம் ஒன்றரை வயதிலிருந்து ஐந்து வயது வரை என்று வகுக்கிறது. வயது எல்லையில் சிறு வேறுபாடு இருந்தாலும், கைக்குழந்தைக்கு இது ஆகாது என்பதில் இரண்டும் ஒன்றுபடுகின்றன. உங்கள் இளையவனுக்கு ஏற்ற இடம், அக்காள் காலி செய்யப்போகும் அதே தொட்டில் கட்டில்தான். அதை உங்கள் அறையிலேயே போட்டுக்கொள்ளுங்கள். இறுக்கமான மெத்தை, இழுத்து மாட்டிய விரிப்பு, அதற்கு மேல் தலையணையோ திண்டோ போர்வையோ இல்லாத வெறும் பரப்பு, மல்லாந்த நிலை: ஒரு வயது நிறையும் வரை இவை போதும்.

மாமாவின் எஃகுத் தடுப்பைத் தயவுசெய்து பரணிலேயே விட்டுவிடச் சொல்லுங்கள். அது எழுந்து உட்காரும் பெரியவர் பிடித்துக்கொள்வதற்காகச் செய்யப்பட்டது. அதன் கம்பிகளுக்கு இடையிலுள்ள அகலத்தில் ஒரு சிறு பிள்ளையின் உடல் எளிதாக நுழைந்துவிடும். மாமியாரின் சிக்கன உணர்வு நல்லதுதான், ஆனால் இந்த ஒரு பொருளில் அதைக் காட்ட வேண்டாம்.

உளிச்சத்தம் எழுதுகிறார்:

செவிலியர் சகோதரி சொன்னதற்கு மேல் கைக்குழந்தையைப் பற்றிச் சேர்ப்பதற்கு ஒன்றும் இல்லை. நான் மரவேலை செய்பவன்; மூத்த பெண்ணின் கட்டிலைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

தடுப்பு வாங்க வருகிறவர்கள் எல்லோரும் குழந்தையின் வயதைச் சொல்வார்கள். கட்டிலின் அமைப்பையும் மெத்தையின் எடையையும் சொல்பவர்கள் மிகக் குறைவு. நீங்கள் இரண்டையும் எழுதியிருப்பதால் நேராகவே சொல்லிவிடலாம்: நீங்கள் பார்த்து வைத்திருக்கும் முதல் வகை, அதாவது மெத்தைக்கு அடியில் கை செருகும் மடக்குத் தடுப்பு, உங்கள் கட்டிலுக்குப் பொருந்தாது. காரணம் தடுப்பின் தரத்தில் இல்லை, உங்கள் கட்டிலின் வடிவத்தில் இருக்கிறது. அந்த வகைத் தடுப்பு, மெத்தையின் பக்கவாட்டோடு நேரடியாக ஒட்டி நிற்க வேண்டும். உங்கள் மெத்தை சட்டத்துக்குள் இறங்கி உட்காருவதால், தடுப்பின் கைகள் மரச்சட்டத்தின் மேல் ஏறி வளைந்து வர வேண்டியிருக்கும். தடுப்பு சட்டத்துக்கு வெளியே நிற்கும். அப்படி நின்றால் மெத்தைக்கும் தடுப்புக்கும் நடுவே சட்டத்தின் மரத் தடிமன் அளவுக்கு எப்போதும் ஒரு பள்ளம் இருக்கும். எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் அந்தப் பள்ளம் மறையாது. அதில் தலையணையைத் திணித்து அடைக்கலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். துணியாலும் பஞ்சாலும் சந்தை அடைப்பது மூச்சடைப்புக்கு இன்னொரு வழியைத் திறப்பதாகும். செவிலியர் சகோதரி சொன்ன, பொருளின் மேல் அச்சிடும் எச்சரிக்கையிலேயே அதைச் செய்யாதீர்கள் என்று எழுதியிருக்கும்.

உங்கள் மெத்தையின் இலேசும் இன்னொரு தடை. கை செருகும் தடுப்பைப் பிடித்து நிறுத்துவது மெத்தையின் எடையும் உராய்வும்தான். கனமான ஸ்பிரிங் மெத்தை அந்தக் கைகளை அழுத்திப் பிடிக்கும். ஒரு கையால் தூக்கக்கூடிய நுரை மெத்தை பிடிக்காது. அதற்காகத்தான் நல்ல தடுப்புகளில் கட்டிலின் குறுக்கே ஓடி எதிர்ப்பக்கச் சட்டத்தில் மாட்டும் பட்டையைக் கொடுக்கிறார்கள். அந்தப் பட்டை இல்லாத தடுப்பை யார் கொடுத்தாலும் வாங்கக் கூடாது. பிறர் பயன்படுத்திய தடுப்பை இரவல் வாங்குகிறவர்கள் பட்டையும் செய்முறைத் தாளும் அதனுடன் இருக்கின்றனவா என்று பார்ப்பது நல்லது, ஏனென்றால் இடம் மாறும்போது முதலில் தொலைந்து போகிறவை அவைதான்.

இரண்டாவது வகை, தூண்களில் ஏறி இறங்கும் உயரத் தடுப்பு, உங்கள் கணவருக்கு ஏன் பிடித்திருக்கிறது என்பது புரிகிறது. பார்வைக்கு அது கோட்டையாகத் தெரியும். ஆனால் அதில் கவனிக்க வேண்டியது மேல் விளிம்பை அல்ல, கீழ் விளிம்பையும் மூலைகளையும். துணி நாளடைவில் தளர்ந்து தொய்வு விழும். ஒரு பக்கத் தடுப்பும் மறு பக்கத் தடுப்பும் சந்திக்கும் மூலையில் செங்குத்தான ஒரு கீற்று இடைவெளி இருக்கும். கீழ்க் கம்பி மெத்தையின் மேற்பரப்புக்கு மேலே நின்றால் அதற்கு அடியில் குழந்தை நழுவ வழி உண்டாகும். மேலும், மூன்று பக்கமும் அடைத்துவிட்டால் இரவில் எழுந்து சிறுநீர் கழிக்க வேண்டிய இரண்டரை வயதுப் பெண் என்ன செய்வாள்? தொட்டில் கட்டிலின் கம்பியில் செய்ததையே இங்கும் செய்வாள். இம்முறை ஏறி விழும் உயரம் முன்பைவிட அதிகமாக இருக்கும். தடுப்பின் மேல் ஏறத் தொடங்கிவிட்ட குழந்தைக்கு உயரமான தடுப்பு தீர்வாகாது.

அதனால்தான் ஒரு பக்கத் தடுப்பையும்கூடக் கட்டிலின் முழு நீளத்துக்குப் போடாமல் இறங்கும் வழி விடுகிறார்கள். அந்த வழியின் அகலத்துக்கும் கணக்கு உண்டு. அமெரிக்க எச்சரிக்கையின்படி தடுப்பின் முனை தலைமாட்டுப் பலகையிலிருந்தும் கால்மாட்டுப் பலகையிலிருந்தும் குறைந்தது 23 செ.மீ. தள்ளி நிற்க வேண்டும். ஒன்று, இடைவெளியே இருக்கக் கூடாது. இருந்தால், உடலும் தலையும் எங்கும் மாட்டாமல் கடந்து போகும் அளவுக்கு இருக்க வேண்டும். நடுத்தரமான இடைவெளிதான் ஆபத்தானது. சுவர்ப் பக்கத்துக்கும் இதே நியாயம்தான். அடுக்குக் கட்டில்களுக்கான ஐரோப்பியத் தரநிர்ணயம், கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே 7.5 செ.மீ. அளவுக்கு மேற்படாமல் இருக்க வேண்டும், அல்லது 23 செ.மீ. அளவுக்கு மேல் இருக்க வேண்டும் என்று சொல்கிறது. உங்களுடையது தாழ்ந்த கட்டில்தான் என்றாலும் அந்த அளவை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். சுவரை ஒட்டியது என்று எழுதியிருக்கிறீர்கள். தினமும் பெருக்கும்போது கட்டில் நகர்கிறதா, சுவரின் அடிப்பட்டை கட்டிலைத் தள்ளி நிறுத்துகிறதா என்று கையை விட்டுப் பாருங்கள்.

அப்படியானால் உங்களுக்கு எது பொருந்தும்? உங்கள் கட்டில் மரக்கட்டில் என்பது ஒரு வசதி. சட்டத்தின் உட்புறத்தோடு பொருத்தி, மரையாணியும் நட்டும் போட்டு முடுக்கிய, இடையில் துளையோ கம்பிகளோ இல்லாத ஒரே பலகையைத் தடுப்பாக வைத்துவிடலாம். அது மெத்தையின் பக்கவாட்டைத் தொட்டுக்கொண்டு நிற்கும். பலகை உள்ளே வரும் தடிமனுக்கு மெத்தை இடம் கொடுக்காவிட்டால் அந்த அளவுக்குச் சட்டத்தைச் செதுக்கிக்கொள்ள வேண்டும். உயரம், மெத்தையின் மேற்பரப்பிலிருந்து 13 செ.மீ. அளவுக்குக் குறையாமல் இருக்கட்டும். சிறு குழந்தைகளுக்கான கட்டில்களில் அமெரிக்க விதி கேட்பதும் ஏறக்குறைய அதே அளவுதான். பிறகு மெத்தையின் மேல் இன்னொரு மெல்லிய மெத்தையைப் போட்டால் அந்த உயரம் குறைந்துவிடும் என்பதை மறக்க வேண்டாம். மேல் விளிம்பை உருட்டி இழைத்து, மூலைகளை வளைவாக அறுக்கச் சொல்லுங்கள். கம்பி அல்லது சட்டம் வைத்துத்தான் செய்வோம் என்றால், தொட்டில் கட்டில்களுக்குச் சொல்லப்படும் 6 செ.மீ. இடைவெளியைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்; அவ்வளவு வேலைக்கு ஒரே பலகை எளிது, மலிவும்கூட.

எழில் எழுதுகிறார்:

எல்லோரும் தடுப்பை எப்படிப் பொருத்துவது என்றே பேசுகிறீர்கள். தடுப்பு வேண்டுமா என்ற கேள்வியையும் ஒருவர் கேட்க வேண்டும் என்பதால் எழுதுகிறேன். எங்கள் வீட்டில் இரண்டு பிள்ளைகளுக்கும் மெத்தையைத் தரையில் போட்டோம், தடுப்பு என்ற பொருளே வீட்டுக்குள் வரவில்லை. விழுவதற்கு உயரம் இல்லையென்றால் தடுப்பதற்கும் ஒன்றும் இல்லை. அடியில் ஈரம் சேராமல் இருக்க மெத்தையைக் காலையில் நிமிர்த்திச் சாய்த்து வைக்க வேண்டும் என்பது மட்டுமே அதிலுள்ள கூடுதல் வேலை. சுவரிலிருந்து நன்றாகத் தள்ளிப் போட வேண்டும் என்பதும் உண்டு.

கட்டில்தான் வேண்டும் என்றால், கால்களைக் குறைத்துத் தாழ்த்தலாம். பக்கத்தில் தரையில் ஒரு தடித்த பாயையோ மெல்லிய மெத்தையையோ விரிக்கலாம். கயல் குறிப்பிட்ட மூன்றாவது வகையான நுரைத் திண்டைப் பற்றி யாரும் எழுதவில்லை. இரண்டு வயதைக் கடந்த, தூக்கத்தில் மெதுவாக உருளும் குழந்தைக்கு அது விளிம்பு வந்துவிட்டதை உணர்த்தும். சுழன்று உதைக்கும் குழந்தை அதை ஒரே இரவில் தாண்டிவிடும். மேலும் அது விரிப்புக்கு அடியில் இறுக்கமாக இருந்தால்தான் பயன். விரிப்புக்கு மேலே கிடந்தால் அது வெறும் தலையணை.

தடுப்பை எப்போது எடுப்பது என்பதைத் தொடக்கத்திலேயே தீர்மானித்துக்கொள்ளுங்கள் என்பது என் கருத்து. பழகிவிட்டது என்பதற்காகவே பள்ளிக்குப் போகும் பிள்ளையின் கட்டிலில் அது நின்றுகொண்டிருப்பதைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

கயல் எழுதுகிறார்:

மூவருக்கும் மிக்க நன்றி. இளையவனுக்குத் தொட்டில் கட்டில் என்பது இன்றே முடிவாகிவிட்டது. என் கணவரும் படித்துவிட்டு மறுபேச்சுப் பேசவில்லை. மாமியாரிடம் நான் சொன்னதைவிட, செவிலியர் எழுதியதை வாசித்துக் காட்டியதுதான் பலித்தது.

எழில் அவர்களின் யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் மகளின் அறையில் தரை மிகவும் குளிர்ந்திருக்கும், இரவில் பூச்சிகளின் நடமாட்டமும் உண்டு; ஆகவே தரைப்படுக்கை எங்களுக்கு ஒத்துவராது. கட்டிலை இன்று அளந்து பார்த்தேன். தரையிலிருந்து மெத்தையின் மேற்பரப்பு வரை 48 செ.மீ.; மெத்தைக்கு மேலே சட்டம் 3 செ.மீ. மட்டுமே எழும்பி நிற்கிறது. உளிச்சத்தம் ஐயா சொன்னபடி கையை விட்டுப் பார்த்ததில், கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே ஓரிடத்தில் என் உள்ளங்கை முழுவதும் நுழைகிறது; அடிப்பட்டைதான் காரணம். மெத்தைக்கும் சட்டத்துக்கும் நடுவே இரண்டு விரல் இடமும் இருக்கிறது. பலகையை உட்புறமாக வைத்தால் அந்த இரண்டு விரல் இடம் நிரம்பிவிடும் அல்லவா? கால்களையும் குறைக்கச் சொல்லலாமா? பொருத்திய பிறகு அது சரியாக இருக்கிறது என்பதை எப்படிச் சோதிப்பது?

உளிச்சத்தம் எழுதுகிறார்:

நிரம்பும் அம்மா, அந்த இரண்டு விரல் இடம் உங்களுக்கு இலாபம். அந்த இடத்தை அளந்து, அதே தடிமனில் பலகை எடுக்கச் சொல்லுங்கள். சட்டத்தைச் செதுக்க வேண்டிய வேலை மிச்சம். ஆனால் பலகையைப் போட்ட பிறகு மெத்தை எதிர்ப்பக்கம் நகர்ந்து அங்கே இடம் விடாதபடி, சுவர்ப் பக்கத்திலும் இடம் இருந்தால் அதே உயரத்தில் ஒரு பலகையைப் போட்டுவிடுங்கள். சுவர்ப் பக்கத்துப் பலகை தலைமாடு முதல் கால்மாடு வரை இடைவிடாமல் ஓடலாம். இறங்கும் பக்கத்துப் பலகை மட்டும் தலைமாட்டுப் பலகையோடு ஒட்டித் தொடங்கி, கால்மாட்டுக்கு முன்னால் அவள் தாராளமாக இறங்கும் அளவு வழி விட்டு முடியட்டும். 23 செ.மீ. என்பது குறைந்த அளவு; அதைப் போல் இரண்டு பங்கு விட்டாலும் நல்லதுதான். அடிப்பட்டை தடுக்கிறது என்றால் கட்டிலைச் சுவரிலிருந்து ஓர் அடி தள்ளிப் போட்டுவிடுங்கள். உள்ளங்கை நுழையும் அந்த அளவு இடைவெளி எந்தக் கட்டிலுக்கும் வேண்டாம்.

கால்களைக் குறைக்கலாம். நான்கையும் ஒரே அளவில் அறுக்க வேண்டும், அறுத்த அடிப்பகுதிக்கு ரப்பர் குமிழ் போட வேண்டும். 48 செ.மீ. உயரத்தை 30 செ.மீ. அளவுக்குக் கொண்டுவந்தால் அவள் ஏறி இறங்கவும் எளிது. கட்டிலுக்கு அடியில் பெருக்க முடிய வேண்டும் என்பதால் அதற்குக் கீழே போக வேண்டாம்.

சோதனைக்கு இயந்திரம் தேவையில்லை. பலகையின் நடுவில் முழங்காலை வைத்து வெளிப்பக்கமாக அழுத்துங்கள். அதே நேரத்தில் உள்ளங்கையால் மெத்தையின் ஓரத்தைக் கீழே அமுக்குங்கள். அப்போது இரண்டுக்கும் நடுவே பிளவு தெரிந்தால் ஆணியின் பிடி போதவில்லை, அல்லது மெத்தை அளவுக்கு மீறி மென்மையாக இருக்கிறது. சும்மா நிற்கும்போது ஒட்டியிருப்பது போதாது, அழுத்தத்தின் கீழும் ஒட்டியிருக்க வேண்டும். பலகையைத் தாங்கும் மரையாணிகள் ஒவ்வொரு முனையிலும் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும். ஒன்று மட்டும் இருந்தால் பலகை அதைச் சுற்றித் திரும்பும். ஆணித்தலைகள் மரத்துக்குள் அமிழ்ந்திருக்கட்டும், நட்டு வெளிப்பக்கம் வரட்டும். மரம் பருவத்துக்கு ஏற்பச் சுருங்கி விரியும் என்பதால் விரிப்பு மாற்றும் நாளில் எல்லாம் ஒருமுறை நட்டைத் தொட்டுப் பாருங்கள். மரையாணி போட்டுச் செய்யச் சொன்னதற்கு இன்னொரு காரணமும் உண்டு: எழில் சொன்ன அந்த நாள் வரும்போது, பலகையைக் கழற்றிவிட்டு ஆணித் துளைகளை மரத்தூளும் பசையும் வைத்து அடைத்துவிட்டால் கட்டில் பழையபடி உங்களுடையது.